நாய்ப் படம் போட்ட வைனைத் தேடி

ஒரு சொட்டுக் குடித்தறியாத ஒருத்தி ஏழு வருடம் வைன் விற்றாள் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், லூயிஷாமில் எங்கள் தெரு எப்போதோ சிரித்து முடித்துவிட்டது. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், சந்தைக்கு இரண்டு தெரு தள்ளி, நானும் இவரும் மதுவை வாங்கிப் போக மட்டும் அனுமதியுள்ள ஓர் ஓஃப் லைசன்ஸ் கடை நடத்திவந்தோம். பாலும் பாணும் பத்திரிகையும் முன்பக்கம், மதுப் போத்தல்கள் பின்சுவர் முழுவதும். இவருக்கு விஸ்கி தெரியும், அதுவும் கல்யாண வீடுகளில்தான். எனக்கு அதுவும் தெரியாது.

எனக்கு நாக்கு உதவாததால் ஒரு கொப்பி வைத்திருந்தேன். போத்தல் வாங்கிப் போனவர் மறுமுறை வரும்போது எப்படி இருந்தது என்று கேட்பேன். அவர் சொன்னதைத் தமிழில் எழுதி, சொன்னவர் பெயரையும் போட்டுவைப்பேன். அடுத்து யாராவது வந்து எது நல்லது என்று கேட்டால் கொப்பியைப் புரட்டி, தபால்காரருக்கு இது பிடித்தது, மேல்மாடி நர்ஸுக்குப் பிடிக்கவில்லை என்று உள்ளதைச் சொல்வேன். பொய் சொல்லி விற்றதில்லை. சனம் அதை நம்பி வந்தது.

அந்தக் கொப்பியில் அதிகம் இடம் பிடித்தவர் மிஸ்டர் டெஸ்மண்ட். ஜமேக்காக்காரர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு சனிக்கிழமையும் பின்னேரம் நான்கு மணிக்கு, மனைவி பேர்ளோடு வந்து ஒரே வைனில் ஒரு போத்தல் வாங்குவார். பிரான்சில் லுவார் நதிக்கரைச் சிவப்பு வைன், லேபிளில் ஒரு நாய் காதைத் தூக்கிக்கொண்டு நிற்கும். தன் அம்மா வீட்டு வாசல் தெருவில் முதல் மழை விழும்போது வருமே ஒரு வாசம், இது அதுதான் என்று பேர்ள் ஒருநாள் சொன்னாள். எழுதிவைத்தேன்.

பேர்ள் ஒரு குளிர்காலத்தில் இறந்துபோனாள். அடுத்த சனிக்கிழமையும் டெஸ்மண்ட் நான்கு மணிக்கு வந்தார். சில வாரம் கழித்து, எப்படி இருந்தது என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன். இரண்டு கிளாஸிலும் ஊற்றுவதாகவும், இப்போது இரண்டையும் தானே குடிப்பதாகவும் சொன்னார். அதையும் எழுதினேன்.

அந்த வருட ஐப்பசியில், அந்த வைனை எங்களுக்குத் தந்துவந்த மொத்த வியாபாரி கடையைப் பூட்டிவிட்டார். வேறெங்கு விசாரித்தும் நாய் கிடைக்கவில்லை. கவுண்டருக்குக் கீழே நான்கு போத்தல் ஒளித்துவைத்தேன். ஒரு சனிக்கிழமை வேறொரு வைனைக் கொடுத்துப் பார்த்தேன். நல்ல வைன்தான், ஆனால் பேர்ளுக்கு இதைத் தெரியாதே என்றார் டெஸ்மண்ட். கீழே இருந்த நான்கில் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். மிச்சம் மூன்று போத்தல், மூன்று சனிக்கிழமை.

லேபிளின் அடியில் எறும்பளவு எழுத்தில் தோட்டத்துக்காரரின் பெயரும் ஊரும் இருந்தன. வியாபாரி கடையைப் பூட்டிய கையோடு கடிதம் போட்டிருந்தோம். பதில் இல்லை.

"ஆள் செத்துப்போச்சு, இல்லாட்டிப் பெரிய ஆளாய்ப் போச்சு," என்றார் இவர். "எதுக்கும் நேரை போய்ப் பாப்பம். முன்னுக்குச் சுப்பர்மார்க்கெட் வரப்போகுது. அவையளிட்டை இல்லாத சாமான் ஒண்டாவது எங்களிட்டை இருக்கவேணும்."

இவருக்கு வியாபாரம். எனக்கு டெஸ்மண்ட். எது எப்படியோ, போவது கடைச் சாமான் ஏற்றும் ஒரே வானில்தான்.

பிளேஸ்டோவிலிருந்து தங்கை வந்து கடைச் சாவியை வாங்கிக்கொண்டாள். ஞாயிறு விடிய, புட்டு, காய்ந்த மிளகாயும் தேங்காயும் இடித்த கட்டைச்சம்பல், முட்டைப் பொரியல், ஒரு பிளாஸ்க் தேத்தண்ணி, எல்லாவற்றுக்கும் மேலே கொப்பி என்று புறப்பட்டோம். கடலுக்கு அடியால் ரயில் ஓடத் தொடங்கியிருந்த காலம். கப்பலென்றால் தாழுமுன் கொஞ்சம் யோசிக்க நேரம் தரும் என்று சொல்லி இவர் கப்பலையே பிடித்தார். கப்பலில் யோசித்ததெல்லாம் நான்தான். டோவரின் வெள்ளை மலை மறைவதற்குள் காலைச் சாப்பாடு முழுவதும் வெளியே வந்துவிட்டது. எதிரே இருந்த வெள்ளைக்காரி ஒருத்தி, வெறும் பிஸ்கட் சாப்பிடு, கடலுக்குக் காரம் ஒத்துவராது என்று தன் பிஸ்கட் பொட்டலத்தை நீட்டினாள்.

பிரான்சுக் கரையான கலேயில் இறங்கியதும் முதல் சுற்றுவட்டத்தில் இவர் லூயிஷாமில் போவதுபோலவே இடப்பக்கம் திரும்பினார். எதிரே வந்த லொறிக்காரர் கோபிக்கவில்லை. நிறுத்தி, இரண்டு கையாலும் வானை அள்ளி மறுபக்கம் வைப்பதுபோல் காட்டினார். அதன் பிறகு முந்நூறு மைலுக்கு, வலம், வலம் என்று மந்திரம் ஓதுவதே என் வேலை.

நெடுஞ்சாலையில் இன்னொரு கூத்து. காசு கட்டும் பெட்டிகள் எல்லாம் இடப்பக்கம், அதாவது எங்கள் வானில் என் பக்கம். நான் ஐந்தடிக்கும் குறைவு. ஜன்னலால் இடுப்புவரை வெளியே தொங்கித்தான் சீட்டை இழுக்கவேண்டியிருந்தது. இழுத்த சீட்டைக் காற்று பறித்துக்கொண்டு போனது. இவர் இறங்கி, இடுப்பில் கட்டிய சாரத்தைப் பிடிக்கிறவர் மாதிரி நீளக்காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் ஓடினார். பின்னால் நின்ற கார்கள் ஹோர்ன் அடித்தன. சீட்டு கிடைத்தது, இவருடைய மூச்சு அடுத்த ஊரில்தான் கிடைத்தது.

பொழுதுபடும் நேரம் நதிக்கரைக்கு வந்து ஒரு சின்ன விடுதியில் தங்கினோம். சாப்பிட வெள்ளாட்டுப் பால்கட்டியும் பாணும் தந்தார்கள். இவர் மணந்து பார்த்துவிட்டு, ஆடு இப்பதான் எழும்பிப் போயிருக்கு என்றார். நான் கட்டைச்சம்பலில் கொஞ்சம் அதன்மேல் வைத்துக் கொடுத்தேன். அதன் பிறகு ஆட்டைப் பற்றிப் பேச்சில்லை, இன்னும் இரண்டு துண்டு கேட்டார்.

திங்கள் காலை தோட்டங்களுக்குள்ளால் போனோம். எங்கள் பக்கத்தில் திராட்சையை முந்திரிகை என்போம். அது பந்தலில் படரும், பழம் தலைக்கு மேலே தொங்கும். இங்கே கொடிகள் இடுப்பளவில் கம்பிகளில் கட்டுண்டு வரிசை வரிசையாக நின்றன. பழம் பறித்து முடிந்து, இலைகள் மஞ்சளாகிக் கொட்டத் தொடங்கியிருந்தன. மண்ணெங்கும் வெள்ளைக் கல். இவர் வானை நிறுத்தி ஒரு கொடியின் அடியைத் தடவிப் பார்த்தார். எங்கள் ஆட்கள் என்றால் இந்த நேரத்துக்கு இடையில் மிளகாய் நட்டிருப்பார்கள் என்றார். ஊர் முழுவதும் புளிக்க வைத்த மா மணத்தது. அப்பத்துக்குக் கரைத்து வைத்ததுபோல வாயூறியது.

தோட்டத்துக்காரர் சாகவில்லை. பெரிய ஆளாகவும் போகவில்லை. பெயர் ரெனே. அறுபத்தைந்து வயதிருக்கும், மீசை பெரிது, ரப்பர் சப்பாத்து, பழைய கம்பளிச் சட்டை. அவர் மகள் மோனிக் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பிப்பவள், விடுமுறைக்கு வந்திருந்தாள். எங்கள் கடிதம் மேசையின் இழுப்பு லாச்சிக்குள் இருந்தது. இங்கிலீஷில் வந்ததால் வரிக் கடிதம் என்று நினைத்து அப்பா ஒளித்துவைத்துவிட்டார் என்றாள் மோனிக். இவருக்கு ரெனேயை அந்த நிமிடமே பிடித்துப்போய்விட்டது.

வெள்ளைக் கல்மலையைக் குடைந்து செய்த குகைதான் வைன் அறை. உள்ளே நல்ல குளிர். இரண்டு பக்கமும் மரப் பீப்பாய்கள், நடுவில் ஒரு பல்ப். ரெனே நீளமான கண்ணாடிக் குழாயை ஒரு பீப்பாய்க்குள் விட்டு, விரலால் மேல்வாயை மூடி, வைனை உறிஞ்சி எடுத்தார். ஒரு கிளாஸில் விட்டார். ஒரேயொரு கிளாஸ். அவர் முதலில் ஒரு வாய் குடித்தார். பிறகு இவரிடம் கொடுத்தார். இவரும் குடித்துத் தலையை ஆட்டினார், விஸ்கிக்கு ஆட்டுகிற அதே ஆட்டு. கிளாஸ் என்னிடம் வந்தது.

வேண்டாம் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். வந்த காரியம் கெட்டுவிடும் என்று மனம் சொன்னது. சரி, ஒரு வாய்தானே. ஆனால் இரண்டு ஆண்கள் வாய் வைத்த கிளாஸ், எனக்குப் பிறகு மோனிக்கும் அதில்தான் குடிக்கவேண்டும். என் எச்சிலை அந்தப் பிள்ளைக்குக் கொடுப்பதா? கை தன் பாட்டுக்கு உயர்ந்தது. செம்பில் தண்ணீர் குடிப்பதுபோல் தலையை அண்ணாந்து, உதடு படாமல் மேலேயிருந்து ஊற்றினேன். பிறந்தது முதல் அப்படிக் குடித்தவள்தான். ஆனால் தண்ணீர் வேறு, இது வேறு. புளிப்புத் தொண்டையில் பிடித்து மூக்கால் ஏறியது. இருமல் வந்து, பாதி வைன் என் ஸ்வெட்டரில்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது ரெனேயின் முகம் மாறியிருந்தது. கிளாஸை என் கையிலிருந்து வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு தன் சட்டை நுனியால் மெதுவாகத் துடைத்தார். மகளிடம் ஏதோ சொன்னார்.

"கிளாஸ் சுத்தமானது என்கிறார் அப்பா," என்றாள் மோனிக், தரையைப் பார்த்தபடி.

நிலைமையைச் சரிசெய்ய இவர் வாயைத் திறந்தார். என் மனைவி வைனே குடிப்பதில்லை, அவர்தான் கடையில் வைன் விற்கிறவர், என்று பெருமையோடு சொன்னார். அத்தோடு முடிந்தது. தன் வைனுக்கு வாய் வைக்க அருவருப்பவர்கள் அதை விற்கத் தேவையில்லை என்று ரெனே சொல்லிவிட்டு, குழாயைச் சுவரில் கொழுவினார்.

விடுதிக்குத் திரும்பி வந்தோம். எனக்கு என்மேலேயே எரிச்சல். அழுகையும் வந்தது. இவர் வெங்காய சூப்பை ஊதி ஊதிக் குடித்தபடி ஆறுதல் சொன்னார்.

"விடும் தேவி. உலகத்திலை வைனுக்குப் பஞ்சமோ? நாயில்லாட்டிப் பூனை."

"பேர்ளுக்குப் பூனையைத் தெரியாது," என்றேன்.

இவர் சூப்புக் கரண்டியை வைத்துவிட்டார். காலையில் நான் கேட்காமலே வானை மறுபடி அந்தப் பக்கம் திருப்பினார்.

செவ்வாய்க்கிழமை ரெனே முற்றத்தில் பிளாஸ்டிக் கூடைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டும் நிமிரவில்லை. நான் மோனிக்கைப் பிடித்து எச்சில் என்றால் என்ன என்று விளக்கினேன். அருவருப்பில் செய்ததில்லை, நான் வாய் வைத்ததை உனக்குத் தரக்கூடாது என்றுதான், எங்கள் வீடுகளில் மற்றவருக்குக் கொடுக்கும் மரியாதை அது, என்றேன். அவள் அதை நீளமாகச் சொன்னாள். ரெனே கூடையைக் கீழே வைத்தார். வீட்டுக்குள் போய் ஒரு கிளாஸில் தண்ணீர் கொண்டுவந்தார். தலையை அண்ணாந்து, மேலேயிருந்து ஊற்றினார். மீசையும் கழுத்தும் நனைந்து, சட்டைக்குள் ஓடியது. மோனிக் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ரெனேயும் சிரித்தார், மீசையைப் பிழிந்தபடி.

ஆனால் வைன் தரவில்லை. மன்னிப்பு வேறு, வியாபாரம் வேறு. என்னவென்று தெரியாத பொருளை நான் எப்படி விற்பேன் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நான் பையிலிருந்து கொப்பியை எடுத்தேன்.

அடுப்படி மேசையில் உட்கார்ந்தோம். நான் தமிழில் இருந்ததைப் பார்த்து இங்கிலீஷில் சொன்னேன், மோனிக் பிரெஞ்சில் சொன்னாள். இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் எழுதி, மறுபடி இங்கிலீஷாக்கி, பிரெஞ்சாக்கி, அவர் காதில் விழும்போது அதில் என்ன மிஞ்சியதோ தெரியாது. அயர்லாந்து நர்ஸ் சொன்னது: பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடிந்து சப்பாத்தைக் கழற்றுவதுபோல. தபால்காரர் சொன்னது: என்னைக் கடிக்காத முதல் நாய். ரெனே மூக்கால் சிரித்தார். அந்த நாய் அவருடைய அப்பாவின் நாயாம், வந்தவரையெல்லாம் கடித்ததாம்.

அடுத்த வரி ஒரு மாணவனுடையது. அதைத் தாண்டிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். கடையில் செய்யாததை இங்கே ஏன் செய்யவேண்டும் என்று வாசித்தேன்: வெறும் புளி, தண்ணி மாதிரி, இனி வாங்கமாட்டேன்.

மோனிக் தயங்கித் தயங்கிச் சொன்னாள். ரெனே, அது எந்த வருடத்துப் போத்தல் என்று கேட்டார். கொப்பியில் வருடமும் இருந்தது, சொன்னேன். அவர் மேசையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"அந்தப் பையன் சொன்னது சரி. அந்த வருடம் பழம் பறிக்கும்போது முழுக்க மழை."

நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். மேலே வாசிக்கச் சொன்னார்.

டெஸ்மண்டின் வரிகளைக் கடைசியில் வைத்திருந்தேன். பேர்ளின் மழை வாசம். ஆட்டிறைச்சிக் கறியோடு குடித்தது. மகள் கல்யாணத்தில் குடித்தது. பிறகு, இரண்டு கிளாஸிலும் ஊற்றி இரண்டையும் தானே குடிப்பது. அதைச் சொல்லும்போது மோனிக்கின் குரல் இறங்கியது. கவுண்டருக்குக் கீழே இன்னும் மூன்று போத்தல்தான் இருக்கிறது என்பதையும் சொன்னேன், அது கொப்பியில் இல்லை.

ரெனே கொப்பியைத் தன் பக்கம் திருப்பினார். ஓர் எழுத்தும் புரியாமல், வரிகளின்மேல் விரலை வைத்துப் போனார். பிறகு மகளைப் பார்த்துத்தான் பேசினார்.

"நாற்பது வருடமாக லொறி வருகிறது, ஏற்றுகிறது, அந்த வளைவில் திரும்புகிறது. அதற்குப் பிறகு என்ன நடந்ததென்று எனக்கு ஒருவரும் சொன்னதில்லை."

பிறகு கேள்விமேல் கேள்வி. டெஸ்மண்ட் ஓட்டியது எந்த பஸ்? உயரமானவரா? போத்தலைத் திறந்து எவ்வளவு நேரம் வைப்பார்? எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தெரியாதென்றேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்களை மறித்தார்கள். கட்டைச்சம்பலில் ரெனே கொஞ்சம் அதிகமாகவே நம்பிக்கை வைத்துவிட்டார். நேற்று என் கண்ணில் வந்த தண்ணீர் இன்று அவர் கண்ணில் வந்தது, கணக்குச் சரி என்றார் இவர்.

மாதம் ஒருமுறை லூயிஷாமுக்கு வைன் அனுப்புவதாக முடிவானது. கட்டவேண்டிய வரியெல்லாம் கட்டி முறைப்படி வரும். ஒரு நிபந்தனை போட்டார். கொப்பியில் புதிதாக எழுதுவதையெல்லாம் இங்கிலீஷில் மோனிக்குக்கு எழுதி அனுப்பவேண்டும், நல்லதும் கெட்டதும். வாசல்வரை வந்து வழியனுப்பும்போது மோனிக் சிரித்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னாள்.

"இவ்வளவு பேர் இருக்கிறார்கள், உங்கள் வரி எங்கே என்று அப்பா கேட்கிறார்."

வானில் ஏறியபோது ரெனே பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு போத்தலை என் மடியில் வைத்தார். நல்ல வருடத்துப் பழைய வைன், டெஸ்மண்டுக்கு. திறந்து அரை மணி நேரம் வைக்கச் சொல்லவேண்டும். கலேவரை அதை மடியிலிருந்து இறக்கவில்லை. காசுப் பெட்டிகளில் சீட்டு இழுக்க இவர்தான் சுற்றி ஓடி வந்தார்.

சனிக்கிழமை நான்கு மணிக்கு டெஸ்மண்ட் வந்தார். கோட், தொப்பி, கையில் துணிப்பை, எல்லாம் வழமைபோல. இவர் கதையைச் சுற்றுவட்டத்திலிருந்து தொடங்கினார், நான் குறுக்கே புகுந்து போத்தலைக் கொடுத்தேன். யார் தந்தது, ஏன் தந்தது என்று சொன்னேன். டெஸ்மண்ட் பிரெஞ்சுப் பத்திரிகைத் தாளை மெதுவாகப் பிரித்து, மடித்து, கோட் பைக்குள் வைத்தார். நாயைப் பெருவிரலால் தடவினார். நீ பிரான்சுக்குப் போனது இதற்காகவா என்று கேட்டார்.

"ஓம்," என்றேன். இங்கிலீஷ் வரவில்லை.

இதைத் தனியே திறக்க மனமில்லை என்றார் அவர். கடைக்குள் குடிக்க லைசன்ஸ் இல்லை. இவர் போய்க் கதவில் "மூடியிருக்கிறது" என்ற பக்கத்தைத் திருப்பினார். கடையின் பின்னால் எங்கள் அடுப்படிக்கு டெஸ்மண்டைக் கூட்டிப்போனோம். சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் போத்தல் அரை மணி நேரம் திறந்தபடி இருந்தது. மூன்று பேரும் அதைக் காவல் காத்தோம்.

டெஸ்மண்ட் இரண்டு கிளாஸ் கேட்டார். இரண்டிலும் ஊற்றினார். ஒன்றைத் தன் முன்னால் வைத்தார். மற்றதை எப்போதும்போல் எதிர்ப்பக்கம் வைத்தார். அந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். வைத்த கையை எடுக்காமல் என்னைப் பார்த்தார். பிறகு கிளாஸை இன்னும் கொஞ்சம் என் பக்கம் தள்ளினார்.

அது பேர்ளின் கிளாஸ். அதைத் தூக்கி மேலேயிருந்து ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. இரண்டு கையாலும் எடுத்து, உதட்டை வைத்துக் குடித்தேன். இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மழை வாசம் வரவில்லை, உண்மையைச் சொல்லவேண்டும். இன்னொரு வாய் குடித்தேன். டெஸ்மண்ட், பேர்ள் இந்த நாய்க்கு ஒரு பெயர் வைத்திருந்த கதையைச் சொன்னார். அந்தக் குளிர்காலத்துக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவர் போனபின் கொப்பியை எடுத்து, எனக்கும் ஒரு வரி எழுதினேன். அடுத்த வாரமே அதை இங்கிலீஷில் மோனிக்குக்கும் எழுதிப் போட்டேன். அந்தச் சனிக்கிழமைத் தேதிக்குக் கீழே எழுதியது இவ்வளவுதான்.

தேவி, கடைக்காரி: புளிக்குது. தனியக் குடிக்கிற சாமான் இல்லை.